பஜாக் முடிகிற வருஷம்

தப்பு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் கியூசி பிரிவில் இருபத்து மூன்று வருஷமாக இருக்கிறேன். விளக்குக்கு அடியில் வைத்துப் பார்ப்பேன். ஈயம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஓரத்தில் கீறல் இருக்கிறதா, எண் நேராக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, சரியில்லையென்றால் சிவப்புத் துண்டு ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவேன். புதிதாக வருகிற பெண்களிடம் மேற்பார்வையாளர் என்னைக் காட்டி, "இவங்க கண்ணுலேர்ந்து ஒண்ணும் தப்பாது" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் விளக்குக்கு அடியில் குனிந்துகொள்வேன். என் அப்பாவின் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய் ஒரு காகிதத்தில் கொட்டியவள் நான். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, வாசித்து, நல்லதுதான் என்று சொன்னவளும் நானே.

அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி பண்ண எங்களுக்கு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். அப்போது நான் ஐந்தாம் படிவப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அப்பா அந்த லயத்து வீட்டில்தான் பிறந்தார். தளவாடங்களை ஏற்றி முடித்ததும், எதற்கென்று தெரியவில்லை, வாசலைக் கூட்டினார். மறுநாள் இடிக்கப்போகிற வீட்டின் வாசலைக் கூட்டாதீங்க என்று அம்மா சத்தம் போட்டது நினைவிருக்கிறது. அதன் பிறகு கோத்தா திங்கி டவுனில் வாடகை வீடுகள். முதல் வீட்டை விற்றுவிட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் கடையாக மாற்றப்போகிறேன் என்றார். மூன்றாவது வீட்டில் அம்மா போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்தார். துக்கம் விசாரிக்கத்தான் வருகிறார் என்று நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும் வீடு தேவைப்படுவதாகவும் சொன்னார்.

அவர் போனபிறகு அப்பா அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டார். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா. இனிமே நான் இருக்கிற எடத்துக்கு யாரும் வந்து, காலி பண்ணுன்னு சொல்லக் கூடாது. அது குடிசையா இருந்தாலும் சரி."

நான் அப்பாவுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் அமையவில்லை, அமையாததைப் பற்றிப் பெரிய வருத்தமும் இல்லை. வீடு தேடுகிற வேலை என் தலையில்தான் விழுந்தது. அப்பாவின் சேமநிதிப் பணம் இருந்தது, அதோடு என் கையில் கொஞ்சம். அந்தத் தொகைக்குப் புதுக் குடியிருப்புகளில் வாசல்கதவுகூட வாங்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான், அப்பா தேநீர் குடிக்கப் போகிற ஒட்டுக்கடையில் பழக்கமான ஒருவர் வீடு விற்பதாகச் சொன்னார். அவரை நான் அங்கிள் என்றே கூப்பிட்டேன். ஓய்வு பெற்றவர், மனைவி இல்லாதவர், தங்காக்கில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரல் உயர்த்திப் பேசவே மாட்டார். அவருடைய வீடு ஆற்றிலிருந்து பத்து நிமிட நடை. ஒற்றை மாடி, இரண்டு அறை, பின்பக்கம் துத்தநாகத் தகடு போட்ட சமையல்கட்டு. விலை எங்கள் கைக்கு எட்டியது.

நான் சும்மா வாங்கிவிடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். கியூசிக்காரி இல்லையா! மூன்று முறை போய்ப் பார்த்தேன். ஒரு முறை வேண்டுமென்றே கன மழையில் போய்க் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். சுவரை விரலால் தட்டிப் பார்த்தேன். குழாய்களைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தேன். மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அலமாரியை நகர்த்தச் சொல்லி, அதன் பின்னால் சுவரில் வெள்ளம் ஏறிய கறை எவ்வளவு உயரம் என்று என் முழங்காலோடு வைத்து அளந்தேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம், கடைசியாக வெள்ளம் எப்போது வந்தது, எத்தனை நாள் நின்றது என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். அங்கிள் சிரித்துக்கொண்டே அப்பாவிடம், "ஒங்க மக போலீசுலே சேர்ந்திருக்கலாம்லா" என்றார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

காகிதத்தை ஒட்டுக்கடையில் வைத்துத்தான் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்று தே தாரிக், ஒரு தட்டு வடை. பிளாஸ்டிக் உறையிலிருந்து வீட்டுக் கிராண்ட்டின், அதாவது நிலப் பட்டாவின், நகலை எடுத்து மேசைமேல் வைத்தார். நகலுக்கு நகல் எடுத்தது போலிருந்தது. நடுவில் மடிப்பு விழுந்த இடத்தில் கறுப்புக் கோடு ஓடியது. சில எண்கள் அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிட்டன. அப்பா நகலை என் பக்கம் தள்ளினார். அவர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். மலாய் பேசுவார், எண் வாசிப்பார், அவ்வளவுதான். நானோ மலாய்ப் பாடத்தில் எங்கள் பள்ளியிலேயே நல்ல மதிப்பெண் வாங்கியவள். அப்பா அதை இன்றுவரை ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாசித்தேன். அங்கிளின் பெயர் இருந்தது, அடையாள அட்டை எண் இருந்தது. நிலத்தின் எண், அளவு, எல்லாம் சரி. அதற்கு மேலே ஓரிடத்தில் "பஜாகான்" என்று ஒரு சொல். அதையொட்டி எத்தனை வருஷம் என்று வருகிற இடத்தில் அந்தக் கறுப்புக் கோடு. பிறகு, இன்ன நாளில் முடிகிறது என்று ஒரு தேதி. அது பதினைந்து வருஷம் தள்ளியிருந்தது.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் அடகுக்கடை வாசலில் "பஜாக் காடாய்" என்று பெரிதாக எழுதியிருக்கும். எங்கள் ஆட்கள் அந்த இரண்டு சொல்லில் முதல் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் யாரும் அடகுக்கடை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பஜாக் கடை, சங்கிலியைப் பஜாக்கிலே வச்சிருக்கு, பஜாக் மீட்கணும் என்றுதான் பேச்சு. ஒவ்வொரு பள்ளி ஆண்டுத் தொடக்கத்திலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பஜாக் கடைக்குப் போவார். உயரமான கம்பிச் சன்னலுக்குக் கீழே நின்று நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் மலாய்ச் சொல்லே அதுதான். பிறகு பள்ளியில் எத்தனையோ மலாய்ச் சொல் படித்தேன், கட்டுரைப் போட்டியில் பரிசுகூட வாங்கினேன். ஆனால் இந்த ஒரு சொல்லை மட்டும் நான் அகராதியில் தேடியதே இல்லை. தெரிந்த சொல்லை யார் தேடுவார்கள்?

"அப்பா, இதிலே பஜாக்குன்னு போட்டிருக்கு" என்றேன். "வீடு அடமானத்திலே இருக்கிற மாதிரி தெரியுது. இன்னும் பதினஞ்சு வருஷம் கழிச்சுத்தான் முடியுதாம்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "அண்ணே, பஜாக்குலே இருக்கா? சொல்லவே இல்லியே."

அங்கிள் தேநீரைக் கிண்டினார். ஏற்கெனவே கிண்டிய தேநீர் அது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "பேங்க் கடனெல்லாம் நான் எப்பவோ கட்டி முடிச்சுட்டேன்லா. லெட்டர் வச்சிருக்கேன். அது பேப்பர்லே அப்படித்தான் இருக்கும். அந்த வருஷம் வந்துட்டா தானா முடிஞ்சு போயிரும்."

வங்கி கொடுத்த கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். கடன் தீர்ந்தது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அது பொய்யான கடிதம் இல்லை. நான் இரண்டு காகிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, கடிதத்தில் உள்ள நில எண்ணும் கிராண்ட்டில் உள்ள நில எண்ணும் ஒன்றா என்று ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தேன். ஒன்றுதான். "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்றேன். அப்பா மூச்சு விட்டார். இன்னொரு தட்டு வடைக்குச் சொன்னார்.

வழக்கறிஞர் வைக்கலாமா என்று நான் கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். அங்கிள், "கடன் எடுத்து வாங்குறவங்களுக்குத்தான் லாயர் வேணும், நீங்க கையிலே காசு வச்சிருக்கீங்க, நேரா லேண்ட் ஆபிஸ்லயே மாத்திக்கலாமே, அவனுக்கு வேற எதுக்கு அழணும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. உண்மையைச் சொன்னால், வழக்கறிஞர் அலுவலகத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எனக்கே கொஞ்சம் பயம். விடுப்பு எடுத்து விண்ணப்பப் பாரம் நிரப்பினோம். மாநில அரசின் சம்மதம் வேண்டும் என்றார்கள், காத்திருந்தோம். ஒரு வீட்டை விற்பதற்கு அரசு எதற்குச் சம்மதிக்க வேண்டும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு சாப் முத்திரை விழுகிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்றுதான் நினைத்தேன். மாதக்கணக்கில் அலைந்தபின் அப்பாவின் பெயரில் புதுக் கிராண்ட் வந்தது.

அந்தப் புதுக் காகிதத்தில் மடிப்பும் இல்லை, கறுப்புக் கோடும் இல்லை. அறுபது வருஷம் என்று பளிச்சென்று இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அப்பாவின் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரின் எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எங்கள் பெயர்களை ஒரு எழுத்தாவது கெடுக்காமல் எழுதவே மாட்டார்கள், அதனால் அதில்தான் என் கவனம். ஒரு பிழையும் இல்லை.

அப்பா அதைப் பெரிதாக நகலெடுத்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி, அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாட்டிய அன்றைக்கு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அதற்கு முன் அம்மா போனபோதுதான். எனக்கும் அழுகை வந்தது. அந்த நாளைப்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஐந்து வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஆற்று வெள்ளம் இடுப்பளவு ஏறியது. வடிந்ததும், தரையை இரண்டடி உயர்த்திக் கட்டலாம் என்று முடிவு செய்து, வங்கியில் கடன் கேட்கப் போனேன். கிராண்ட்டைப் பார்த்த அதிகாரி நம் பையன்தான், கண்ணாடி போட்டுக்கொண்டு மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"அக்கா, இதுக்கு லோன் கிடைக்காது. டெனியூர் கம்மி."

"பஜாக்கைச் சொல்றியாப்பா? அது பழைய ஆளோட கடன். அவரு எப்பவோ அடைச்சுட்டாரு. லெட்டர் இருக்கு."

அவன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இதிலே பஜாகான்னா அடமானம் இல்ல. லீஸ். குத்தகை. நெலம் கவர்மெண்டோடது. அறுபது வருஷத்துக்குக் குடுத்திருக்காங்க. அதிலே இன்னும் பத்து வருஷம்தான் மிச்சம்."

"அப்புறம்?"

"அப்புறம் நெலம் அவங்களுக்குத் திரும்பிப் போயிரும்."

"வீடு?"

அவன் எழுந்து உள்ளே போனான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். நான் குடித்தேனா என்று நினைவில்லை. வெளியே வந்து, கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடினேன். பஜாக் என்றால் குத்தகை. காடாய் என்பதுதான் அடகு. எங்கள் ஆட்கள் இரண்டு சொல்லில் தவறான சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று தலைமுறையாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பேசியவர்கள் யாருக்கும் அதனால் ஒரு சேதமும் இல்லை. நான் ஒருத்திதான் அந்தச் சொல்லை நம்பி வீடு வாங்கினேன்.

மறுநாள் விடுப்பு எடுத்து நில அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காக், வாங்குறதுக்கு முன்னாடி சாரியான் எடுக்கலியா?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா, சாரியான் என்றால் தேடல். நில எண்ணைக் கொடுத்துச் சின்னக் கட்டணம் கட்டினால், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, எத்தனை வருஷத்துக்கு, யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்று எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அன்றைக்கு நான் எடுத்தேன். காலைப் பலகாரத்துக்கு ஆகிற செலவுதான். காத்திருந்த நேரம் ஒரு மணிகூட இல்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மழையில் நனைந்துகொண்டு கூரை பார்த்தேனே, முழங்காலோடு வைத்து வெள்ளக்கறையை அளந்தேனே, அப்போது இங்கே ஒரு நடை வந்திருந்தால் போதும். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆட்கள் இருந்ததால் செய்யவில்லை.

அந்தப் பெண்தான் குத்தகையை நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம் என்றார். கொடுப்பதும் கொடுக்காததும் மாநில அரசின் இஷ்டம், கொடுத்தால் பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். விண்ணப்பத்துக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்கு வந்து, இது நகராட்சி வரிப் பாரம் என்று சொல்லி நீட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாக, நேராக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். வீட்டுக்காரன் கையெழுத்து என்றால் அழகாக இருக்க வேண்டாமா என்று கேட்டார்.

பதில் வர ஒரு வருஷம் ஆனது. கடிதங்கள் தொழிற்சாலை முகவரிக்கு வரும்படி செய்திருந்தேன். நீட்டிப்பு இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஆற்றைச் சீரமைக்கும் வேலைக்காக அந்த வரிசை நிலம் தேவைப்படுகிறதாம். மேல்முறையீட்டுக்கு ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். இந்த முறை கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன், இனி என்ன பயம்! அந்த அம்மா காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாங்குறப்போ வந்திருந்தீங்கன்னா பத்து நிமிஷத்திலே சொல்லியிருப்பேனே" என்றார். மேல்முறையீட்டால் பயனில்லை, கட்டணமும் வேண்டாம் என்றார். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. நீட்டிப்பு இல்லை என்ற கடிதம் இன்னும் தொழிற்சாலையில் என் பூட்டலமாரியில், மாற்றுச் செருப்புக்கு அடியில் இருக்கிறது.

அங்கிளைத் தேடித் தங்காக்குக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பேருந்தில் வழி நெடுகச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். துணிக்கடைத் தெருவுக்குப் பின்னால், மகள் வீட்டு முன்னறையில் படுக்கை போட்டிருந்தார்கள். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், சர்க்கரை. நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எதற்கு வந்திருக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒங்களுக்குத் தெரியும்தானே, அங்கிள்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவர் மகள் உள்ளே இருக்கிறாளா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். "நான் சொல்லத்தான் இருந்தேன். குத்தகைதான், இன்னும் பதினஞ்சு வருஷம்தான், அதான் வெல கம்மின்னு சொல்லலாம்னுதான் பேப்பரைக் கொண்டாந்தேன். நீ வாசிச்சே. வாசிச்சுட்டு, பஜாக்குன்னு நீயே சொன்னே. படிச்ச புள்ளை. நான் வாயைத் தொறந்தா வியாபாரம் போயிரும். எனக்கும் வேற வழியில்ல. நான் ஒண்ணும் பொய் சொல்லலியேம்மா. தானா முடிஞ்சு போயிரும்னுதானே சொன்னேன்?"

அந்த ஆளைக் கொன்று போடலாம் போலிருந்தது, அதே சமயம் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதும் தெரிந்தது. அவர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். நான்தான் பேசினேன். அவருடைய மகள் மைலோ கலக்கிக் கொண்டுவந்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்பா தங்காக்குக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார். நல்ல மனுஷன், நமக்கு ஒரு வாசலைக் காட்டிவிட்டுப் போனாரு என்றார்.

இப்போது தொழிற்சாலையில் வீடு வாங்கப்போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் காகிதங்களை என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. முதலில் சாரியான் எடு என்பேன். நகலை நம்பாதே, விற்கிறவர் கொண்டுவருகிற எதையும் நம்பாதே, நீயே போய் எடு. நிரந்தர நிலமா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருஷம் மிச்சம், உன் வயதோடு கூட்டிப் பார். மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய நிலமா என்று பார். யாராவது தடை போட்டிருக்கிறார்களா, விற்கிற ஆள் திவாலா என்று பார். நில வரி பாக்கி இருக்கிறதா என்று பார். வழக்கறிஞருக்குக் கொடுக்கிற காசைத் தண்டம் என்று நினைக்காதே. போன மாதம் ஒரு பெண், எல்லாவற்றையும் பார்த்தபிறகு, "அக்கா, சுவரெல்லாம் தட்டிப் பார்க்கணுமா?" என்று கேட்டாள். சுவர் கிடக்கிறது சுவர் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், பயந்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. முதலில், நீட்டிப்பு கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பிறகு வெள்ளக் காலம் போகட்டும் என்றேன். பிறகு சொல்ல முடியாமல் போனது. காரணம், அவர் அந்த வருஷத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். எண் வாசிக்கத் தெரியும் என்றேனே. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவின் படத்தைத் துடைக்கும்போது அந்தக் கிராண்ட்டையும் துடைத்து, தேதி இருக்கிற இடத்தில் விரலை வைத்துப் பார்ப்பார். அந்த வருஷம் வந்தால் பஜாக் முடியும், காகிதம் சுத்தமாகிவிடும், அதன் பிறகு இந்த வீட்டின்மேல் எவனுக்கும் ஒரு பிடிமானமும் இருக்காது என்பது அவர் கணக்கு. நான் வாசித்துச் சொன்னதுதானே. அன்றைக்குக் கோயிலில் ஒரு வேளை அன்னதானம் போட வேண்டும் என்கிறார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், வாசலுக்குப் புதுக் கதவு போட வேண்டும். புதுக் காலண்டர் வந்ததும் முதல் வேலையாக, இன்னும் எத்தனை வருஷம் என்று என்னிடம் கேட்பார். இந்த வருஷமும் கேட்டார். ஆறு என்றேன்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. தோட்டத்தை விட்டுக் கிளம்பியபோது, இடிக்கப்போகிற வீட்டின் வாசலைக் கூட்டியவர். இன்னொரு முறை அவரிடம் யாராவது வந்து காலி பண்ணு என்று சொன்னால், அவர் மறுபடியும் வாசலைக் கூட்டத்தான் செய்வார். அதை என்னால் பார்க்க முடியாது.

போன வாரம் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன், வருஷா வருஷம் செய்கிற பரிசோதனை. ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டிப் படம் எடுத்தார்கள். டாக்டர் வாசித்து முடித்ததும் அந்தக் காகிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். பழக்கம். ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தேன். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது. எங்கேயாவது ஒரு தப்பு இருக்கிறதா என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

"ஒங்க அப்பாவுக்கு இன்னும் பத்து வருஷம் தாராளம்" என்றார் டாக்டர்.

அப்பா குழந்தை மாதிரி சிரித்தார். "எனக்குப் பத்தெல்லாம் வேணாம் டாக்டர். ஆறு போதும்." என் பக்கம் திரும்பினார். "ஆறுதானேம்மா?"

"ஆமாம்பா, ஆறுதான்" என்றேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்து அவர் கிராண்ட்டைத் துடைத்தார், நான் விளக்கேற்றினேன். அந்த வருஷத்தைப் பார்க்கிறவரைக்கும் ஆயுசு கொடு என்று அவர் வாய்விட்டுக் கும்பிட்டார். நான் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, அதற்கு முன்னால் அவரை எடுத்துக்கொள் என்று கும்பிட்டேன்.